சந்திரமுகி துணைப் பாத்திரமா?

தேவதாஸ் என்றால் நம்மூரில் தாடி, நாய், நாகேஸ்வர ராவ் (1953). பழைய கல்கத்தாக்காரர்களைக் கேளுங்கள், பரூவா என்பார்கள்.

சரத் சந்திரரின் நாவல் வந்தது 1917இல். டாலிகஞ்சில் இருந்த நியூ தியேட்டர்ஸுக்காக பி.சி. பரூவா 1935இல் அதை வங்காளத்தில் எடுத்து, தானே நாயகனாகவும் நடித்தார். அடுத்து சைகலை வைத்து இந்தியில். அந்த இந்திப் படத்துக்கு கேமரா பிடித்தவர் பிமல் ராய். அவரே இருபது வருஷம் கழித்து, 1955இல், பம்பாயில் அதே கதையைத் திரும்ப எடுத்தார்.

என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் உயிர் சந்திரமுகிதான். தாசி என்று அவளை ஓரமாக நிறுத்தவில்லை. நாவலில் பார்வதியும் அவளும் சந்திப்பதே கிடையாது. பிமல் ராய் படத்திலோ, பல்லக்கில் போகும் பார்வதியும் நடந்து வரும் சந்திரமுகியும் வழியில் கடந்து போகிறார்கள். ஒரு பார்வை. வசனமே இல்லை. 2002இல் பன்சாலி இருவரையும் சேர்த்து ஆடவே வைத்துவிட்டார் (அந்த செட், நகை, விளக்கு... செலவை நினைத்தே எனக்கு மூச்சு முட்டியது!). எனக்கு அந்த ஒரு பார்வை போதும்.

1955இல் சந்திரமுகி, நம்ம திருவல்லிக்கேணி வைஜயந்திமாலா. சிறந்த துணை நடிகை என்று ஃபிலிம்ஃபேர் விருது கொடுத்தார்கள், வாங்க மறுத்துவிட்டார். பார்வதியாக நடித்த சுசித்ரா சென்னுக்குச் சமமான வேடம் தன்னுடையது என்பது அவர் வாதம். நியாயம்தானே? தேவதாஸுக்காகத் தொழிலை விட்டவள், கிராமத்துக்குப் போனவள், அவனைத் தேடி மறுபடி நகரத்துக்கு வந்தவள். இவளைத் துணை என்று எந்தக் கணக்கில் எழுதினார்களோ!