மலைக்கிழங்கும் ஜவ்வரிசியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் வழியாக ஆத்தூர் செல்லும் பாதையில், வெயிலேறிய சிமெண்டுக் களங்களில் வெள்ளை வெளேரென்று உலர்ந்து கிடக்கும் ஜவ்வரிசியைக் காண்கிறவர்கள், அதனை ஏதோ ஒரு பயிரில் மணிமணியாக விளைந்த தானியமென்று எண்ணிவிடக்கூடும். அதுவோ, கல்வராயன் மலைச் சரிவுகளிலும் அடிவாரத்து நிலங்களிலும் மண்ணுக்கடியில் பருக்கும் மரவள்ளிக் கிழங்கின் மாவாகும். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து உண்டாகும் இம்மாவினை, பருத்தி, பட்டு முதலியவற்றோடு சேர்த்து உயிர்ப் பாலிமர் என்னும் வர்க்கத்தில் வைக்கிறார்கள் ரசாயன சாஸ்திரிகள்.

தென் அமெரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட இக்கிழங்கு, 1880-களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவின் ஆதரவினால் திருவிதாங்கூரில் ஏழைகளின் ஆகாரமாகப் பரவியது. நம் பக்கத்தில் அதைத் தொழிற்பயிராக்கியது இரண்டாம் உலக யுத்தமே. அதுவரை மலாயாவிலிருந்து கப்பலேறி வந்த ஜவ்வரிசி, ஜப்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றியதும் நின்றுபோகவே, 1943-இல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கு அனுபவம் உடைய போபட்லால் ஷாவைத் துணைக்கொண்டு, மரவள்ளி மாவிலிருந்து அதனைச் செய்யத் தொடங்கினார். பின்னர் அத்தொழில் ஆத்தூரைத் தாண்டிச் சின்னசேலம்வரை வேரூன்றிற்று.

பழைய செய்முறையை விவரிக்காமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, சல்லடையில் நீர் விட்டு அலசினால், திப்பி மேலே தங்க, பால் கீழே இறங்கும்; அப்பாலைத் தொட்டியில் பல மணி நேரம் அசையாது நிற்கவிட்டால் மாவு அடியில் உறையும். ஈரம் முற்றும் நீங்காத அம்மாவைத் துணித் தூளியிலிட்டு முன்னும் பின்னும் குலுக்கக் குலுக்க, துகளோடு துகள் ஒட்டிச் சிறு உருண்டைகள் திரளும். எண்ணெய் தடவிய சட்டியில் அவற்றை வறுக்கும்போது, உள்ளிருக்கும் ஈரமும் அனலும் சேர்ந்து மேற்புறத்து மாவைப் பசையாக்க, உருண்டை உதிராமல் நிலைக்கிறது. நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போட்டு நூலை வலுப்படுத்துவதும் இதே குணத்தைக் கொண்டுதான். பாலிமர் என்ற பெயரைக் கேட்டறியாத கைகள், அதன் இயல்பை இத்துணை நுட்பமாக அறிந்திருந்தன என்பது போற்றத்தக்கது.

1976 வரை ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த கல்வராயன் மலையில், சாமையும் தினையும் கேழ்வரகும் உண்டு வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மரவள்ளி இன்று முக்கியமான பணப்பயிராகிவிட்டது. கிழங்கின் விலையை அதிலுள்ள மாவின் அளவு நிர்ணயிக்கிறது. அதனை ஆலைகளில் ‘பாயிண்ட்’ என்பார்கள். மாவு மிகுந்த கிழங்குக்கு அடர்த்தி அதிகம். ஆதலால் வெளியில் ஒருமுறையும் தண்ணீரில் அமிழ்த்தி ஒருமுறையும் நிறுத்தால், இரு எடைகளின் வித்தியாசத்தைக் கொண்டு மாவின் அளவைக் கணக்கிடலாம். ஒரு பாயிண்ட் குறைந்தாலும் அந்த நஷ்டம் உழவனையே சேர்கிறது.

1981-இல் சேலத்தில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 2023-இல் ‘சேலம் ஜவ்வரிசி’ புவிசார் குறியீடும் பெற்றது. திருவனந்தபுரத்துக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் இதே மாவிலிருந்து மண்ணில் மக்கும் மென்படலங்களைச் செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2019 முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்கை விலக்கிவைத்த தமிழ்நாட்டில் அம்முயற்சிக்கு இடமுண்டு. அந்தத் தொழில் வளருமாயின், அதற்கான ஆலைகளில் சில கச்சிராயபாளையத்திலும் சின்னசேலத்திலும் அமைய வேண்டும் என்பதும், பாயிண்ட் அளப்பது விளைவித்தவரின் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.