கூப்பிடு தூரம்



கடலில்லாத மாவட்டத்திலிருந்து கடலைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். கல்வராயன் மலையடிவாரத்தில், கள்ளக்குறிச்சியில் தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கும் படகில் பொருத்தும் வயர்லெஸ் கருவிக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறவை ஏற்படுத்தித் தந்தது மணிமேகலை.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை வகுப்பில் ஆதிரையின் கதையை நடத்திக் கொண்டிருந்தேன். பொருளிழந்த சாதுவன் வணிகரோடு கடல்மேற் செல்கிறான். நள்ளிரவில் மரக்கலம் உடைகிறது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். அதே விபத்தில் தப்பி ஊர் சேர்ந்தவர்களோ அவன் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆதிரை தீயில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. கணவன் உயிரோடிருக்கிறான், திரும்பி வருவான் என்று அசரீரி அறிவிக்கிறது. இவ்விடத்தைக் கற்பின் மேன்மை என்று விளக்கிவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்வது நம் வகுப்பறை மரபு. அன்று கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"ஐயா, செய்தி கொண்டுவந்தவங்க பொய் சொல்லலியே. தெரிஞ்சதைத்தான் சொன்னாங்க. சாதுவன் உயிரோட இருக்கிறதைச் சொல்ல அவனுக்கு வழியில்லை. அதுதானே குறை?"

கைபேசிக் கோபுரத்தின் எல்லைக்கு வெளியே வளர்ந்த பிள்ளை கேட்ட கேள்வி அது. கடலில் இருப்பவன் கரையிலிருப்பவர்க்குத் தன் நிலையைச் சொல்ல வழி எப்போது பிறந்தது? பிறந்த பின்னரும் ஆதிரைகள் ஏன் காத்திருக்கிறார்கள்? விடை தேடியபோது தெரிந்துகொண்டதையே இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

கண்ணிலிருந்து காதுக்கு

நம் முன்னோர் கடலில் இருப்பவர்க்குச் செய்தி சொல்ல ஒளியை நம்பினர். நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தில் நின்ற கலங்கரை விளக்கத்தைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. ஆனால் விளக்கு, கரை கலத்துக்குச் சொல்லும் ஒருவழிச் செய்தி. கலம் கரைக்குச் சொல்ல ஏதுமில்லை. பல நூற்றாண்டுகள் இந்நிலை மாறவில்லை.

மார்க்கோனி 1897-இல் பிரிஸ்டல் கால்வாயின் நீர்ப்பரப்பைக் கடந்து கம்பியில்லாத் தந்தி அனுப்பினார். 1899-இல் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டருகே நின்ற விளக்குக் கப்பலொன்று, விபத்தின்போது கம்பியில்லாத் தந்தியால் கரையிடம் உதவி கேட்டது. கலம் முதன்முறையாகக் கரையைக் கூப்பிட்டது. இனிக் கடலில் யாரும் தனித்து மடிய வேண்டியதில்லை என்று உலகம் நம்பியதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கை 1912 ஏப்ரல் 14 இரவில் உடைந்தது. டைட்டானிக் கப்பலில் அக்காலத்தின் ஆற்றல் மிக்க கருவிகளுள் ஒன்று இருந்தது. அதை இயக்கிய ஜாக் பிலிப்ஸ், பயணிகளின் சொந்தச் செய்திகளைக் கரைக்கு அனுப்பும் வேலையில் மூழ்கியிருந்தார். அருகில் பனிக்கட்டிகளுக்கிடையே நின்றுவிட்ட கலிபோர்னியன் கப்பலின் இயக்குநர் சிரில் எவான்ஸ் அதைத் தெரிவிக்கக் குறுக்கிட்டார். வேலையைக் கெடுக்காதே என்ற பொருளில் கடுமையான மறுமொழி கிடைத்தது. எவான்ஸ் சற்று நேரம் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, இரவு 11.30 மணியளவில் கருவியை நிறுத்தி உறங்கச் சென்றார். டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது 11.40 மணிக்கு.

பிலிப்ஸ் கடைசிவரை அபாய அழைப்பை அனுப்பிக் கொண்டேயிருந்தார். மிக அண்மையில் இருந்த காது உறங்கிக் கொண்டிருந்தது. தொலைவிலிருந்த கார்பேத்தியா கப்பலின் இயக்குநர் ஹரால்டு காட்டம் மட்டும், படுக்கப் போகும் நேரத்திலும் காதுக்கருவியைக் கழற்றாமல் இருந்தார். அந்தத் தற்செயலால் 700-க்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். ஏறத்தாழ 1500 பேர் மாண்டனர்.

அந்த இரவில் கருவியில் குறையில்லை. கேட்கும் ஒழுங்குதான் இல்லை. 1914-இல் கையெழுத்தான கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை, கப்பல்களில் இடையறாது செவிமடுத்திருப்பதைப் பற்றிப் பேசியது. பின்னாளில் இன்னும் அழகான விதியொன்று வந்தது. 500 கிலோஹெர்ட்ஸ் அபாய அலையில் ஒவ்வொரு மணி நேரத்திலும் இருமுறை, மும்மூன்று நிமிடம், எல்லாக் கப்பல்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். கப்பல் வானொலி அறையின் கடிகார முகத்தில் அந்த நிமிடங்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருப்பார்கள். எங்கோ ஒரு மூலையில் ஈனக்குரல் எழுந்தால் அது கேட்க வேண்டுமே என்று உலகக் கடல் முழுதும் கடைப்பிடித்த மௌனம் அது!

எம்டனின் காது

முரட்டு ஆளை "எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னை மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்த ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது. எம்டன் தன் கம்பியில்லாத் தந்தியைப் பெரும்பாலும் ஊமையாக வைத்திருந்தது. பிற கப்பல்கள் பேசிக் கொள்வதைக் கேட்டு இரை தேடியது. வீண் பேச்சு பேசிய கப்பல்கள் தம்மைத் தாமே காட்டிக் கொடுத்தன.

அதன் முடிவும் அலைவழியே வந்தது. அவ்வாண்டு நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் சென்றது. அந்நியக் கப்பல் நுழைகிறது என்ற செய்தியை நிலையத்தார் அவசரமாக அனுப்பினர். எம்டன் இரைச்சலை எழுப்பி அதை மறைக்க முயன்றது. எனினும் அவ்வழியே துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்ற ஆஸ்திரேலியக் கப்பற்படையின் காதில் செய்தி விழுந்தது. சிட்னி என்ற போர்க்கப்பல் சில மணி நேரத்தில் வந்து எம்டனை வீழ்த்தியது. சென்னையைக் கலங்கடித்த கப்பலை முடித்து வைத்தது, கேட்கக் காத்திருந்த ஒரு காது.

பரங்கிப்பேட்டையில் ஒரு மாலை

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுத்தாறு ஆகியவற்றின் நீர், வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. கேள்வி கேட்ட மாணவி உட்படப் பன்னிரண்டு பேரோடு அந்த முகத்துவாரத்துக்கு ஒருமுறை சென்றேன். படகுக்காரர் ஒருவர் தம் படகிலிருந்த வி.எச்.எஃப். கருவியைக் காட்டினார். கைக்கடங்கும் பெட்டி, சுருள் கம்பியில் தொங்கும் மைக், படகின் உச்சியில் ஓர் ஏரியல்.

"பேசறது எளிதா அண்ணே?" என்று கேட்டேன்.

"பேச ஆளுக்குக் குறைவே இல்ல சார். கேக்கத்தான் ஆளில்ல" என்றார்.

அவர் சொன்னது சேனல் 16-ஐப் பற்றி. 156.8 மெகாஹெர்ட்ஸ் கொண்ட அந்த அலைவரிசை உலகெங்கும் அபாய அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. அதில் மீன் விலை பேசுவோரும், பாட்டுப் போடுவோரும், வீட்டுக் கதை பேசுவோரும் உண்டாம். மைக்கின் பொத்தான் ஏதாவது பொருளுக்கடியில் அழுந்திக் கிடந்தால் இன்னும் மோசம். சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அந்த அலைவரிசை அடைபட்டுப்போகும்; அழுத்தியவருக்கோ அது தெரியவே தெரியாது.

நம் நாட்டுப்புறத்தில் "கூப்பிடு தூரம்" என்று ஓர் அளவுண்டு. வி.எச்.எஃப். கருவியின் எல்லையும் ஒருவகைக் கூப்பிடு தூரமே. அதன் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், பூமியின் வளைவுக்குப் பின்னால் இருப்பவரை அடைவதில்லை. ஏரியலின் உயரமே எல்லையை முடிவு செய்கிறது. 4 மீட்டர் உயர ஏரியல் கொண்ட இரு படகுகள் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வரை பேசிக் கொள்ளலாம். கரையில் 50 மீட்டர்க் கோபுரம் இருந்தால் 37 கிலோமீட்டர். கல்வராயன் மலையின் 800 மீட்டர் முகடொன்றைக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தி அதன்மேல் ஏரியல் வைத்தாலும் 125 கிலோமீட்டர் அளவில் நின்றுவிடும். இவை கணக்கு சொல்லும் அளவுகள். கருவியின் ஆற்றலை 1 வாட்டிலிருந்து 25 வாட்டுக்கு உயர்த்தினால் குரல் தெளியும், வளைவைத் தாண்டாது.

இந்தக் கணக்கின் கொடுமையை 2017-இல் தமிழகம் கண்டது. நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலருகே ஒக்கி புயலானது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் முன்னரே புறப்பட்டு, கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருந்தனர். அவர்கள் கையில் வயர்லெஸ் இருந்தது; கூப்பிடு தூரத்தில் கரை இல்லை. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். தப்பிய படகுகள் சில லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கின. அந்த நாள்களில் குமரிக் கரையோர வீடுகளில், அவன் இறந்தான் என்றும் எங்கோ கரையேறினான் என்றும் மாறி மாறி வந்த செய்திகளுக்கிடையே பெண்கள் காத்திருந்தனர். மணிமேகலையின் ஆதிரைக்காவது அசரீரி கேட்டது.

அதன்பின் வழிகள் சில திறந்தன. கரையிலிருந்து புயல் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழி அனுப்பும் ஜெமினி கருவி 2019-இல் அறிமுகமாயிற்று. இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருந்தபோதும், அழைத்தவருக்குக் கரையிலிருந்து மறுமொழி கிடைப்பதில்லை. 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் அந்த மறுமொழியும் உண்டு. உன் குரல் கேட்டது, வருகிறோம் என்ற ஒற்றைச் செய்தி, மூழ்கும் படகில் இருப்பவனுக்கு எத்தகைய பலம்!

மைக்கைத் தொடுமுன்

எனினும் சிறு படகுக்கு முதலில் உதவப்போவது, கூப்பிடு தூரத்தில் இருக்கும் இன்னொரு படகே. அதற்கான ஒழுங்கு எளியது. படகுக்காரர் சொன்னதையும் பின்னர் நான் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

கடலில் இருக்கும் நேரமெல்லாம் கருவி சேனல் 16-இல் திறந்திருக்க வேண்டும். பேசுமுன் கேட்க வேண்டும். வேறொருவர் பேசி முடித்த பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும். தோழனை அதில் அழைத்த கையோடு 72, 77 போன்ற வேறொரு சேனலுக்கு மாறிவிட வேண்டும். பேசியதும் மைக்கை அதன் கொக்கியில் மாட்ட வேண்டும். பாட்டரியைப் படகின் அடியில் நீர் தேங்கும் இடத்துக்கு மேலே பொருத்த வேண்டும். நீர் புகுந்த படகில் முதலில் சாவது பாட்டரிதான். நீர் புகாத கைக்கருவி ஒன்று கூடுதலாக இருப்பது நல்லது.

உயிருக்கு ஆபத்தென்றால் "மேடே" என்று மும்முறை சொல்ல வேண்டும். 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கிராய்டன் விமான நிலையத்தில் பணியாற்றிய பிரெடரிக் மாக்ஃபோர்டு, "எனக்கு உதவுங்கள்" என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து ஆக்கிய சொல் அது. தொடர்ந்து படகின் பெயரை மும்முறை சொல்லி, இருக்கும் இடம், நேர்ந்த ஆபத்து, வேண்டிய உதவி, படகிலுள்ளோர் எண்ணிக்கை ஆகியவற்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். எதற்கும் முன்னதாக இடத்தைச் சொல்வது அறிவு. கருவி அணைந்துவிட்டாலும் தேடுவதற்கு அது போதும். உயிராபத்தில்லாத அவசரத்துக்கு "பான் பான்". புதிய கருவிகளில் மூடியிட்ட சிவப்புப் பொத்தான் உண்டு. சில விநாடி அழுத்தினால் சேனல் 70 வழியே படகின் ஒன்பது இலக்க அடையாள எண் செல்லும். இந்தியக் கலங்களுக்கு அது 419 என்று தொடங்கும். அந்த எண்ணை முன்னரே பதிந்திருந்தால்தான் பயன். தவறுதலாக அழுத்திவிட்டால் அஞ்சிக் கருவியை அணைத்துவிடக் கூடாது. தவறான அழைப்பு என்று சேனல் 16-இல் அறிவிக்க வேண்டும். கைபேசி எட்டும் தொலைவில் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும் உண்டு.

பிறருடைய மேடே கேட்டால்? உடனே பேச்சை நிறுத்த வேண்டும். கரை மறுமொழி தராவிட்டால் நாம் மறுமொழி தந்து, அதைக் கரைக்குக் கடத்த வேண்டும். இவ்வாறு படகிலிருந்து படகுக்குக் கைமாறும்போது கூப்பிடு தூரம் நீள்கிறது.

1999 பிப்ரவரி 1 முதல் பெருங்கப்பல்களின் அபாய அழைப்பு முழுவதும் தானியங்கி முறைக்கு மாறியது. சிவப்பு நிமிடங்களின் காலம் முடிந்தது. சேனல் 16-ஐக் காதால் கேட்டிருக்கும் கடமையையும் சில ஆண்டுகளில் கைவிடுவதாக இருந்தார்கள். ஆனால் புதிய கருவி வாங்க இயலாத சிறு கலங்களை எண்ணி, அந்தச் செவிமடுப்பு தொடர வேண்டும் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2002-இல் தீர்மானித்தது. பெரிய கப்பல் நம் சின்னப் படகுக்காகக் காது கொடுத்திருக்கிறது. நாம் அங்கே மீன் விலை பேசலாமா?

திரும்பும் வழியில் பேருந்தில் அந்த மாணவி சொன்னாள்: "எங்க மலையில எதிர்ச்சரிவுக்குக் குரல் கொடுத்தா, பதில் வர்ற வரைக்கும் யாரும் பேச மாட்டோம் ஐயா. பேசினா பதில் காதுல விழாதே."

நெய்தல் நிலத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயர்லெஸ் வருமுன் உங்கள் ஊர்ப் படகுகள் ஒன்றையொன்று எவ்வாறு கூப்பிட்டன? துணி வீசினார்களா, விளக்கசைத்தார்களா, சங்கூதினார்களா? பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதியனுப்புங்கள். இப்பக்கத்தில் சேர்த்து வைப்போம்.