தந்திரச் சீட்டுகளும் வீட்டில் அவற்றைச் செய்யும் முறையும்

பார்வைக்குச் சாதாரணச் சீட்டாகவே இருந்து, மாயவித்தைக்காக ரகசியமாக மாற்றியமைக்கப்பட்ட விளையாட்டுச் சீட்டு தந்திரச் சீட்டு எனப்படும். மேஜிக் செய்பவர்கள் பேச்சுவழக்கில் கிம்மிக் சீட்டு என்பார்கள். இருபுறமும் முதுகு உள்ளது, இருபுறமும் முகம் உள்ளது, மற்றவற்றைவிட மயிரிழை குட்டையானது, ஒரு முனை குறுகியது, பாதி ராஜாவும் பாதி ராணியுமாக ஒட்டியது, கீல் வைத்து மடங்குவது, முதுகில் சொரசொரப்பு ஏற்றியது என இதில் வகைகள் பல. பெரும்பாலானவை இன்று கடையிலேயே கிடைக்கின்றன. இருந்தும் வீட்டு மேசையில் உட்கார்ந்து செய்யும் பழக்கம் நின்றுபோகவில்லை. கடையில் விற்பது ஏற்கெனவே பலரும் செய்யும் வித்தைக்கான சீட்டு. ஒருவர் தாமே யோசித்த வித்தைக்கு வேண்டிய சீட்டை அவரேதான் செய்துகொள்ள வேண்டும்.

சீட்டைத் திருத்தும் வேலை சூதாட்ட மேசையிலிருந்து மேடைக்கு வந்தது. இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1594 வாக்கில் வரைந்த சீட்டாட்ட ஏமாற்றுக்காரர்களின் ஓவியம் அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில், கிம்பெல் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. எதிராளியின் கையை எட்டிப் பார்த்துச் சைகை காட்டும் பெரியவரின் கையுறையில் விரல்நுனிகள் கிழிந்திருக்கின்றன. சீட்டில் வைத்த அடையாளத்தைத் தோலால் தடவி அறிவதற்கான ஏற்பாடு அது என்று விளக்குவார்கள். பிரெஞ்சு மாயவித்தைக் கலைஞர் ராபர்ட் ஹூடான் 1861இல், சூதாடிகளின் மோசடிகளை அம்பலப்படுத்தவே ஒரு புத்தகம் எழுதினார். ஓரம் சீவிய சீட்டுகளும் அடையாளமிட்ட சீட்டுகளும் அதில் விளக்கப்பட்டுள்ளன.

இந்த மோசடிக் கருவியை அழகான கலையாக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் வியன்னாவின் யோஹான் நெபோமுக் ஹோஃப்ஸின்ஸர் (1806–1875). அரசு அலுவலில் இருந்துகொண்டே சிறிய வரவேற்பறை நிகழ்ச்சிகளில் வித்தை காட்டியவர் இவர். இரண்டு முகங்கள் சேர்ந்த சீட்டுகளையும் பகுதி பகுதியாக ஒட்டிய சீட்டுகளையும் தம் வித்தைகளில் தாராளமாகப் பயன்படுத்தினார். அவருடைய சீட்டு வித்தைகளை ஓட்டோகர் ஃபிஷர் திரட்டி 1910இல் நூலாக்கினார். அமெரிக்காவில் தியோடர் டிலாண்ட் (1873–1931) ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் பணிபுரிந்தபடி, அச்சிட்ட தந்திரச் சீட்டுகள் பலவற்றை உருவாக்கினார்.

சீட்டின் உடலமைப்பு

தந்திரச் சீட்டு செய்ய நினைப்பவர் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் ஒரு பழைய சீட்டைக் கிழித்துப் பார்ப்பது நல்லது. நல்ல தாள் சீட்டு என்பது இரண்டு தாள்களை ஒட்டிச் செய்தது. நடுவில் உள்ள கருமையான பசை, வெளிச்சம் ஊடுருவி முகம் தெரிந்துவிடாமல் காக்கிறது. மேற்பரப்பில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத குழிகள் அழுத்தப்பட்டிருக்கும். அவற்றில் தங்கும் காற்றால்தான் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. போக்கர் அளவுச் சீட்டு 63.5 மி.மீ. அகலமும் 88.9 மி.மீ. நீளமும் உடையது. பிரிட்ஜ் அளவுச் சீட்டின் அகலம் சுமார் 57 மி.மீ. தடிமன் ஏறத்தாழ 0.3 மி.மீ.தான். ஆகவே பத்தில் ஒரு மி.மீ. கூடினாலும் பழகிய விரல் கண்டுபிடித்துவிடும். முழுக்க பிளாஸ்டிக்கால் ஆன சீட்டில் பிரிப்பதற்குத் தாள் அடுக்கே இல்லாததால், ஒட்டுவேலைக்கு அது பயன்படாது.

வெட்டிச் செய்பவை

மிக எளிய தந்திரச் சீட்டு குட்டைச் சீட்டு. நீளத்தில் அரை முதல் ஒரு மி.மீ. குறைத்தால் போதும். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் பலமுறை மெல்லக் கீற வேண்டும். ஒரே இழுப்பில் வெட்டினால் ஓரம் பிசிறும். வெட்டியதும் மூலைகள் கூராகிவிடும். நகவெட்டியால் அவற்றை வளைத்து எடுத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பக்கத்துச் சீட்டின் மூலையோடு வைத்து ஒப்பிட வேண்டும். வெட்டுவதில் கவனம் காட்டும் பலர் மூலையில் அலட்சியமாக இருந்து மாட்டிக்கொள்கிறார்கள். பார்வையாளரின் கண் நீளத்தை அளப்பதில்லை. ஆனால் வளைவு மாறியிருந்தால் சட்டென்று உறுத்தும். கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் விசிறும்போது, குட்டைச் சீட்டு வரும் இடத்தில் சிறு தடங்கலும் 'டக்' என்ற ஓசையும் வரும். கட்டைப் பாராமலே அந்த இடத்தில் வெட்ட இது உதவும்.

ஒரு சீட்டுக்குச் செய்ததைப் பாதிக் கட்டுக்குச் செய்தால் அது ஸ்வெங்காலி கட்டு. பெயர் 1894இல் வெளிவந்த 'ட்ரில்பி' நாவலின் மனவசியக்காரப் பாத்திரத்திலிருந்து வந்தது. 26 சீட்டுகள் ஒரே சீட்டாக, உதாரணமாக ஆர்ட்டின் ராணியாகவே, குட்டையாக வெட்டப்பட்டிருக்கும். மீதி 26 வெவ்வேறு சீட்டுகள், முழு நீளம். ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி, முகம் தெரிய விசிறினால் சீட்டுகள் ஜோடி ஜோடியாக விழும். நீளச் சீட்டுகள் மட்டும் கண்ணில் படுவதால் கட்டு சாதாரணமாகத் தெரியும். ஆனால் பார்வையாளர் எங்கே விரல் வைத்து நிறுத்தினாலும் அவருக்குக் கிடைப்பது ராணிதான். வீட்டில் இதைச் செய்ய ஒரே மாதிரியான பல கட்டுகள் வாங்க வேண்டும் என்பதால், கடையில் வாங்குவதே மலிவு. ஒரு முனையை ஒரு மி.மீ. அளவுக்குக் குறுக்கி 52 சீட்டுகளையும் ஆப்பு வடிவில் சீவும் கட்டும் இப்படித்தான். ஒன்றைத் திருப்பிச் செருகினால் அதன் அகன்ற முனை வெளியே துருத்தி விரலுக்கு அகப்படும். ஆனால் 52இலும் ஒரே சாய்வு அமைய வேண்டும். கையால் அதைச் சாதிப்பது பெரும்பாடு.

பிரித்து ஒட்டுபவை

கைவேலையின் உண்மையான இன்பம் இங்கேதான் இருக்கிறது. இருபுறமும் முதுகுள்ள சீட்டு, இருபுறமும் முகமுள்ள சீட்டு, கலப்புச் சீட்டு எல்லாமே சீட்டை அடுக்காகப் பிரிப்பதில் தொடங்குகின்றன. இரண்டு முழுச் சீட்டுகளை அப்படியே ஒட்டினால் தடிமன் இரட்டிப்பாகி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பிரிப்பதற்கு ஒரு மூலையை நகத்தால் முன்னும் பின்னும் நெருடினால் அடுக்குகள் வாய் திறக்கும். பிறகு வேண்டாத தாளை ஒரு பென்சிலில் சுற்றியபடி மெதுவாக உரிக்க வேண்டும். உரிக்கும்போது எந்தத் தாள் வளைகிறதோ அது சுருண்டு மடிப்புக்கோடு விழும். எனவே வளைவது எப்போதும் வேண்டாத தாளாக இருக்க வேண்டும். வேண்டியது மேசையில் தட்டையாகவே கிடக்க வேண்டும். உள்பக்கத்தில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும் தாள் நாரை உப்புத்தாளால் சமன் செய்யலாம். வெந்நீரில் ஊறவைத்தும் பிரிப்பதுண்டு. அதில் கிழிசல் குறைவு என்றாலும் வழவழப்புப் பூச்சு கெட்டுப்போகலாம். காயவைக்க உறிஞ்சுதாளுக்கு இடையில் பாரம் வைத்தே ஆக வேண்டும்.

தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் தாள் ஊறி நெளியும். அதனால் பலர் ரப்பர் பசையை விரும்புகிறார்கள். இரு தாளிலும் மெல்லப் பூசி, சற்று உலர்ந்து ஒட்டும் பதம் வந்ததும் ஒரு ஓரத்திலிருந்து வைத்து வர வேண்டும். பிறகு தடித்த புத்தகங்களுக்கு இடையில் ஓர் இரவு முழுக்க அழுத்தி வைக்க வேண்டும். தாளின் நார் ஓடும் திசை இரு பாதிக்கும் ஒன்றாக இருப்பதும் முக்கியம். மாறினால் ஈரக்காற்று பட்டதும் சீட்டு கோணும்.

இரட்டை முதுகுச் சீட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. முதுகைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரம் அச்சில் எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில் அமைவது அரிது. இடது ஓரம் தடித்த ஒன்றையும் வலது ஓரம் தடித்த ஒன்றையும் கவனியாமல் சேர்த்தால், திருப்பும்போது வெள்ளைக் கோடு நகர்வது தெரியும். ஒட்டுவதற்கு முன் கட்டையே மேசையில் பரப்பி, ஓரம் ஒத்துவரும் இரண்டைத் தேர்ந்தெடுப்பது நல்ல கைவினைஞரின் வழக்கம். கலப்புச் சீட்டில், ராஜா முகத்தின் பாதியும் ராணி முகத்தின் பாதியும் சந்திக்கும் கோட்டை உடைகளின் வண்ணப் பட்டையோடு ஓடவிட்டால் வெட்டு மறையும்.

சொரசொரப்பு ஏற்றியவை

1936இல் ஜோ பெர்க் வெளிக்கொணர்ந்த கட்டு இன்று 'கண்ணுக்குத் தெரியாத கட்டு' என்ற பெயரில் உலகெங்கும் பிரபலம். பார்வையாளர் மனதில் நினைத்து ஒரு சீட்டைச் சொல்கிறார். கட்டை விரித்தால் அந்த ஒன்று மட்டும் திரும்பிக் கிடக்கிறது. இதில் சீட்டுகள் முதுகோடு முதுகாக ஜோடி சேர்ந்திருக்கும். ஸ்பேடுக்கு ஆர்ட்டின், கிளாவருக்கு டைமன். எண்களின் கூட்டுத்தொகை 13. ஏஸுக்கு ராணி, 2க்கு ஜாக்கி, ராஜாவுக்கு ராஜாவே. ராஜாக்கள் நீங்கலாக ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று ஒற்றைப்படை, மற்றது இரட்டைப்படை. பார்வையாளர் ஆர்ட்டின் 3 என்றால், இரட்டைப்படை முகங்கள் மேலே வருமாறு கட்டை எடுத்து விரிக்க வேண்டும். ஸ்பேடு 10 வந்ததும் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால், அதன் பின்னால் கவிழ்ந்துகிடக்கும் 3 வெளிப்படும்.

மற்ற ஜோடிகள் பிரியாமல் இருப்பதற்கு முதுகுகளில் சொரசொரப்பு வேண்டும். முன்பு பிசின்களை ஆல்கஹாலில் கரைத்த திரவத்தைத் தூரிகையால் பூசினார்கள். இப்போது ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும் பளபளப்பில்லாத வார்னிஷ் ஸ்பிரேயே போதும். காற்றோட்டமான இடத்தில், சுமார் ஒரு அடி தூரத்திலிருந்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். கனமாக அடித்தால் சீட்டு நிறம் மங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெல்ல அழுத்தி விரிக்கையில் ஜோடி சேர்ந்தே நகர வேண்டும். அழுத்தம் தளர்ந்ததும் எதிர்ப்பில்லாமல் பிரிய வேண்டும். அதுதான் பதம்.

எந்த வகையானாலும், கூட வைக்கும் சாதாரணச் சீட்டுகள் அதே நிறுவனத்தின் அதே அச்சாகவும், அதே அளவு பழையதாகவும் இருக்க வேண்டும். புதுக் கட்டில் அழுக்கேறிய ஒரு சீட்டும், பழைய கட்டில் பளிச்சென்ற ஒரு சீட்டும் ஒரேபோல் ஆபத்தானவை. கட்டை முதலில் சில நாள் ஆடிப் பழக்கிவிட்டு, அதிலிருந்தே சீட்டெடுத்துத் தந்திரச் சீட்டு செய்வது இதற்கு வழி. சொரசொரப்பு நாளடைவில் தேயும். ஒட்டிய ஓரம் வாய் பிளக்கும். ஆகவே ஒன்று செய்யும்போதே அதே அளவில் இன்னொன்றையும் செய்து தனியே வைத்துக்கொள்கிறார்கள். பணம் வைத்து ஆடும் சீட்டுக்கட்டின் பக்கம் மட்டும் இவற்றைக் கொண்டுபோகக் கூடாது. மேடையில் வித்தையாக இருப்பது அங்கே மோசடிக் குற்றம்.