ஒற்று

புறநானூற்றின் 47ஆம் பாட்டு ஒருவர் உயிரைக் காப்பாற்றிய பாட்டு. இளந்தத்தன் என்ற புலவர் நலங்கிள்ளியிடமிருந்து கிளம்பி உறையூருக்குள் போகிறார். உறையூரில் இருந்தவன் நெடுங்கிள்ளி. இருவரும் சோழர்கள், இருவருக்கும் தீராப் பகை. பகைவனிடமிருந்து வந்தவர் ஒற்றாகத்தான் வந்திருப்பார் என்று முடிவுகட்டி, புலவரைக் கொல்லத் துணிகிறான் நெடுங்கிள்ளி. கோவூர் கிழார் குறுக்கிட்டு, பரிசில் தேடி அலையும் புலவர் பிழைப்பு யாருக்கும் தீங்கு நினையாதது என்று பாடி அவரை மீட்கிறார். இந்த நிகழ்ச்சியைப் பாட்டின் கீழே உள்ள பழைய குறிப்பு சொல்கிறது. நெடுங்கிள்ளியின் சந்தேகத்தை முழு மூடத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஊர் ஊராகப் போகவும், எந்த அரண்மனை வாசலிலும் தடையின்றி நுழையவும், அரசனோடு உட்கார்ந்து உண்ணவும் அன்று உரிமை பெற்றிருந்தவர்கள் புலவரும் பாணரும்தான். உளவுக்கு ஆள் தேடுகிற எவன் கண்ணும் முதலில் அவர்கள் மேல்தான் விழும்.

தமிழில் இந்தத் தொழிலுக்கு உள்ள மிகப் பழைய சொற்கள் இரண்டு: ஒற்று, வேய். தொல்காப்பியம் வெட்சித் திணையில், ஆநிரை கவரப் போகும் முன் பகைப்புலத்தை அறிந்து வருவதை வேய் என்று ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. ஒற்றினால் கிடைப்பது வேய் என்பது அங்குள்ள முறை. ஒற்று ஆள், வேய் அவன் கொண்டுவரும் செய்தி. இன்று நாம் சொல்லும் ‘வேவு பார்த்தல்’ இந்த வேயின் வழிவந்தது.

ஒற்று என்ற வினைக்கு அழுத்துதல், ஒட்டப் பொருத்துதல் என்று பொருள். வீங்கிய இடத்தில் கொடுக்கும் ஒத்தடம், கடனுக்கு ஈடாக வைக்கும் ஒத்தி நிலம், முன் எழுத்தைச் சார்ந்தே ஒலிக்கும் மெய்யெழுத்தான ஒற்று, இவையெல்லாம் ஒரே குடும்பமாகத்தான் தெரிகின்றன. ஒற்றன் என்பவனும் ஒட்டி நிற்பவன். பகைவனின் வாசலோடு, படுக்கையறையோடு, ஏட்டுக்கட்டோடு ஒட்டி நிற்பவன். இந்தச் சொல்லை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். உளவுக்கு ஆள் சேர்த்த வரலாறு நெடுக, புதிதாக ஒருவனை உருவாக்குவதைவிட ஏற்கெனவே ஒட்டி நிற்பவனைக் கண்டுபிடிப்பதே முதல் வேலையாக இருந்து வந்திருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் ஓர் இடம். வடநாட்டு அரசர்களுக்குத் திருமுகம் அனுப்பலாம் என்று சேரனின் அவையில் பேச்சு எழும்போது, அழும்பில்வேள் என்ற அமைச்சன் அது வேண்டாம் என்கிறான். எல்லா நாட்டு ஒற்றும் வஞ்சி வாசலை விட்டு அகலாமல் நிற்கிறது, நம் ஊரில் பறையறைந்தால் போதும், செய்தி தானே போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவன் கணக்கு. ஒரு தலைநகரில் அயல்நாட்டு ஒற்றர்கள் இருப்பதை அறிந்தும் விரட்டாமல், அவர்களையே தபாலாகப் பயன்படுத்திக்கொள்ளும் இந்த நிதானம் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது.

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஒற்றன் எப்படி இருக்க வேண்டும் என்பதை வள்ளுவர் கறாராகச் சொல்கிறார். பார்த்தவர் ஐயப்படாத தோற்றம் வேண்டும். முறைத்துப் பார்த்தாலும் அஞ்சாத நெஞ்சு வேண்டும். என்ன நேர்ந்தாலும் மனத்தில் உள்ளதைக் கக்கிவிடாத திடம் வேண்டும். துறவி வேடத்தில் போக நேர்ந்து, பிடிபட்டு, எவ்வளவு துன்புறுத்தப்பட்டாலும் சோரக் கூடாது. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால்தான் நம்ப வேண்டும். ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பை ஊரறியச் செய்யக் கூடாது, செய்தால் மறைபொருளை நாமே வெளியிட்டதாகும். இந்தக் குறள்களில் ஒற்று என்ற சொல் அஃறிணை வினையோடுதான் முடிகிறது. அரசு, அமைச்சு, தூது ஆகியவற்றுக்கும் இதே வழக்குதான். மனிதனைப் பின்னுக்குத் தள்ளிப் பதவியை முன்னால் நிறுத்தும் இலக்கணம் அது. ஆனாலும் அமைச்சின் பெயர் ஊருக்குத் தெரியும். ஒற்றின் பெயர் கடைசிவரை தெரிவதில்லை.

இத்தனை தகுதிகளையும் அடுக்கிய வள்ளுவர், அப்படிப்பட்டவனை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லவில்லை. அதை விரிவாகச் சொல்லும் நூல் அர்த்தசாஸ்திரம். பல நூற்றாண்டுகள் பெயரளவில் மட்டுமே தெரிந்திருந்த அந்த நூலின் கிரந்த எழுத்துச் சுவடியை மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர். நூலகத்தில் இருந்த ஷாமசாஸ்திரி 1909இல் அதை அச்சேற்றினார். சாணக்கியன் பெயரில் வழங்கும் அந்த நூலின் முதல் பகுதியிலேயே ஆள் சேர்ப்புக்குத் தனி இயல்கள் இருக்கின்றன.

அந்த இயல்களைப் படிக்கும்போது நெஞ்சில் தைப்பது, யார் யாரைச் சேர்க்கச் சொல்கிறது என்பதுதான். விவசாயம் நொடித்துப்போன குடியானவன். வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்ட வணிகன். துறவறத்தில் நிலைக்க முடியாமல் திரும்பி வந்தவன். பிழைக்க வழி தேடும் மொட்டைத்தலை அல்லது சடைமுடிச் சாமியார். பிழைப்பைத் தேடும் துணிச்சலான ஏழைக் கைம்பெண். உற்றார் யாரும் இல்லாததால் அரசே சோறு போட்டு வளர்க்க வேண்டிய பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்குக் கைரேகை, நிமித்தம், மாயவித்தை எல்லாம் கற்றுக்கொடுத்து ஊருக்குள் விடுவார்கள். சாமியாருக்கு ஒரு சின்ன நாடகமும் உண்டு. ஊரார் பார்க்க மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ ஒரு கைப்பிடி கீரையோ யவமோ உண்பார், மறைவில் வேண்டியதை உண்பார். அவருடைய மகிமையைப் பரப்புவதற்கு வணிக வேடத்தில் இருக்கும் மற்ற ஒற்றர்களே சீடர்களாக வருவார்கள். பிழைப்பை இழந்தவர்களின் பட்டியல்தான் அரசின் ஆள்சேர்ப்புப் பட்டியல். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய இந்தப் பக்கங்களில் ராஜதந்திரத்தைப் பாராட்டுபவர்கள், அந்த அநாதைப் பிள்ளைகளை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கப்போவதில்லை.

தன் ஆட்களைச் சோதிப்பதற்கு அர்த்தசாஸ்திரம் நான்கு வழிகள் வைக்கிறது: அறம், பொருள், இன்பம், அச்சம். இதே நான்கையும் வள்ளுவர் தெரிந்து தெளிதல் அதிகாரத்தின் முதல் குறளில் வைத்திருக்கிறார். எதிரியின் ஆட்களை இழுப்பதற்கு அர்த்தசாஸ்திரம் வேறொரு நான்கைச் சொல்கிறது: சினம் கொண்டவர், அச்சம் கொண்டவர், ஆசை கொண்டவர், மானம் கொண்டவர். தகுதி இருந்தும் அவமதிக்கப்பட்டவன் முதல் வகை. தவறு செய்துவிட்டுத் தண்டனைக்கு அஞ்சுபவன் இரண்டாவது. கையில் காசில்லாதவன் மூன்றாவது. தன் அருமை தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டோம் என்று பொருமுபவன் நான்காவது. பனிப்போர்க் கால அமெரிக்க உளவுப் பயிற்சியிலும் ஆள் பிடிக்க நான்கு காரணங்களைத்தான் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: பணம், கொள்கை, மிரட்டல், தன்முனைப்பு. பழைய நூலிலிருந்து எடுத்ததாக யாரும் சொல்லவில்லை. மனிதன் உடையும் இடங்கள் மாறவில்லை என்பதால் பட்டியலும் மாறவில்லை.

1977 ஜனவரியில் மாஸ்கோவில், வெளிநாட்டார் பெட்ரோல் போடும் இடத்தில், காருக்குள் இருந்த ஓர் அமெரிக்கரிடம் உள்ளூர்க்காரர் ஒருவர் மடித்த காகிதம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். அமெரிக்கர் அங்கே சி.ஐ.ஏ.வின் தலைவர். காகிதம் போட்டவர் அடால்ப் டோல்கச்சேவ், போர் விமானங்களுக்கு ரேடார் வடிவமைக்கும் நிறுவனத்தில் பொறியாளர். இது வலையாக இருக்கும் என்று பயந்து தலைமையகம் பதில் தரக் கூடாது என்றது. அவர் விடவில்லை, திரும்பத் திரும்ப வந்தார். 1979 புத்தாண்டு நாளில்தான் முதல் சந்திப்பு நடந்தது. இவரை யாரும் பிடிக்கவில்லை, தானாக வந்தவர். காரணம் கேட்டபோது, ஸ்டாலின் காலத்து வேட்டையில் தம் மனைவியின் பெற்றோருக்கு நேர்ந்ததைச் சொன்னார். தாயைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள், தந்தையை முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். பெரிய தொகையும் கேட்டார். செலவழிக்க அவருக்கு வழியில்லை, தம் உழைப்பின் மதிப்பை அவர்கள் உணர்ந்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மகனுக்காக மேலைநாட்டு ராக் இசைத்தட்டுகளையும் வரைபடப் பேனாக்களையும் கேட்டார். பிடிபட்டால் விழுங்க நஞ்சு மாத்திரையும் கேட்டார். சினம், மானம், பணம், அச்சம் நான்கும் ஒரே மனிதனுக்குள் பின்னிக் கிடந்தன. பட்டியல் போடுகிறவர்கள் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு மனித மனம் பிரிந்து கிடப்பதில்லை.

அவரைக் காட்டிக்கொடுத்தவன் கதையும் ஆள்சேர்ப்புக் கதைதான். எட்வர்ட் லீ ஹோவர்ட் 1981இல் சி.ஐ.ஏ.வில் சேர்ந்து, மாஸ்கோவுக்கு அனுப்பப் பயிற்சி பெற்றவன். பொய் அறியும் கருவிச் சோதனையில் தேறாததால் 1983இல் வேலையிலிருந்து நீக்கினார்கள். ரகசியங்களைத் தலையில் ஏற்றிவிட்டு, அவமானத்தோடு வெளியே அனுப்பிய அந்த மனிதன் எதிரியிடம் போனான். டோல்கச்சேவ் 1985 ஜூனில் கைதானார், அடுத்த ஆண்டு கொல்லப்பட்டார்.

தமிழில் பிற்காலத்தில் சொற்கள் பெருகின. உள் என்ற அடியிலிருந்து வந்த உளவு இன்று ஒற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. உளவாளி, உளவுத்துறை என்றுதான் செய்தித்தாளில் படிக்கிறோம். சங்கத் தமிழில் வலிமையையும் உணவையும் குறித்த துப்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த துப்பறியும் நாவல்களோடு வேறொரு வாழ்வு பெற்றது. சாரணர் என்ற சொல் ஒற்றரையும் குறித்தது, இப்போது காக்கி உடுப்புப் பள்ளிப் பிள்ளைகளிடம் போய்விட்டது. தமிழ்நாட்டில் குற்ற விசாரணையைக் குறிக்கும் புலனாய்வு, இலங்கையில் உளவைக் குறிக்கிறது. இவற்றையெல்லாம் மீறிப் பேச்சில் நின்றது சி.ஐ.டி. 1902-03 போலீஸ் கமிஷனுக்குப் பிறகு மாகாணங்கள்தோறும் அமைந்த துறையின் பெயர் அது. சில ஆண்டுகளில் துறையின் பெயர் ஆளின் பெயராகிவிட்டது. ‘அவன் சி.ஐ.டி.யாம்’ என்று சந்தேகமாகச் சொல்லிப் பழகிய மக்கள், 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தில் ஜெய்சங்கருக்குக் கைதட்டினார்கள்.

சந்தேகம் முதலில் முற்றிய இடங்களில் ஒன்று பாண்டிச்சேரி. பாரதி, வ.வே.சு. ஐயர், அரவிந்தர் மூவரும் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்ததால் கைதுசெய்ய முடியாத பிரிட்டிஷ் அரசு, ஆட்களை வைத்துக் கண்காணித்தது. 1913 வாக்கில் அரவிந்தர் வீட்டில் சமையல் வேலைக்கு வந்த பிரேன் ராய் அப்படி வந்தவர். தமக்கு மாற்றாக வரும் ஆள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்று தலையை மொட்டையடித்துக்கொண்டார். அதைப் பார்த்து வீட்டிலிருந்த இன்னொருவர் விளையாட்டாகத் தானும் மொட்டை போட்டுக்கொள்வேன் என்று நின்றார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று பிரேன் நினைத்துவிட்டார். ஆடிப்போய் எல்லாவற்றையும் தாமே ஒப்புக்கொண்டார். அவர்களோடு ஒரே பானைச் சோறு உண்டு, ஒரே கூரையின் கீழ் உறங்கிய மனிதர் அவர். ஒட்டி நிற்பவன் எந்தப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்வான் என்பதை அனுப்பியவர்கள் எப்போதும் தீர்மானித்துவிட முடிவதில்லை.

பேச்சுத் தமிழில் ஒரு பாகுபாடு இருக்கிறது. அகராதிகளைவிட அது எனக்கு நுட்பமாகப் படுகிறது. ‘ஆள் எடுக்கிறார்கள்’ என்றால் சம்பளம், சீருடை, ஓய்வூதியம் உள்ள வேலை. ‘ஆள் பிடிக்கிறார்கள்’ என்றால் நிலைமை வேறு. தோட்டங்களுக்குக் கங்காணிகள் செய்ததும் ஆள்பிடிப்புதான். உளவுத்துறைகள் இரண்டையும் செய்கின்றன. எடுக்கப்பட்டவர் அதிகாரி, அவர் போய்ப் பிடிப்பவர் தகவல் தருபவர். நம் காவல் நிலையங்களில் ‘இன்ஃபார்மர்’ என்கிறார்கள், ஊரில் ஆள்காட்டி என்கிறார்கள். வயல்வெளியில் ஆளைக் கண்டதும் கத்திக் காட்டிக்கொடுக்கும் குருவிக்கும் அதே பெயர்.

ஈழத்தில் போர்க்காலம் இன்னொரு சொல்லைத் தந்தது: தலையாட்டி. சுற்றிவளைப்பில் ஊராரை வரிசையாக நடக்க விடுவார்கள். முகம் மூடிய ஒருவர் வாகனத்திலோ நாற்காலியிலோ அமர்ந்திருப்பார். அவர் தலையை ஆட்டினால், எதிரே நிற்பவர் வரிசையிலிருந்து விலக்கப்படுவார். பலர் திரும்பி வந்ததில்லை. முகமூடிக்குள் இருந்தவர்களும் பெரும்பாலும் முன்பு பிடிபட்டவர்களே, அடியும் அச்சமும் அவர்களை அங்கே உட்கார வைத்திருந்தன. ஊர் அவர்களை மன்னிக்கவில்லை. இழந்தவர்களின் வலியில் நான் தலையிட முடியாது. ஆனால் அர்த்தசாஸ்திரத்தின் ‘அச்சம் கொண்டவர்’ என்ற வகைக்குள் ரத்தமும் சதையுமாக இருப்பவர்கள் யார் என்பதை அந்த ஒரு சொல்லைவிடத் தெளிவாக எந்த நூலும் எனக்குக் காட்டியதில்லை.

ஆளெடுப்பின் பக்கம் மட்டும் இப்போது வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஒருவர் தோளைத் தட்டி அழைத்துப் பேசுவதே பிரிட்டனில் பல தலைமுறையாக நடந்த முறை. அதன் உள்நாட்டு உளவு அமைப்பு 1997இலும், வெளிநாட்டு உளவு அமைப்பு 2006இலும்தான் பத்திரிகையில் வெளிப்படையாக விளம்பரம் கொடுத்தன. இந்தியாவில் 1887இல் வேர் கொண்ட உளவுத்துறையிலிருந்து ஆட்களைப் பிரித்தே 1968 செப்டம்பரில் ஆர்.என். காவ் தலைமையில் ‘ரா’ உருவானது. இன்று உள்துறை அமைச்சகம் உதவி மத்திய உளவு அலுவலர் பணிக்குப் பகிரங்கமாக அறிவிப்பு வெளியிடுகிறது. பட்டம் வேண்டும், வயது 18 முதல் 27 வரை, கொள்குறி வினாத்தாள், பிறகு விரிவாக எழுதும் தாள், பிறகு நேர்காணல். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதற்கும் விண்ணப்பிக்கிறார்கள். தேறி வேலைக்குப் போகிறவர்கள் ஒருநாள் யாரையாவது பிடிக்கப் போவார்கள். பிடிபடுகிறவருக்கு வினாத்தாளும் இல்லை, வயது வரம்பும் இல்லை.