16,80,000 என்ற வரம்பு

அமெரிக்கக் குடும்பங்கள் ஜப்பானியக் காருக்கு மாறியது எதனால் என்று கேட்டால், 1973இன் பெட்ரோல் தட்டுப்பாட்டைத்தான் பலரும் சொல்வார்கள். பங்க் வாசலில் காத்துக் கிடந்தவர்கள் சிவிக், கொரோலா பக்கம் திரும்பினார்கள், உண்மைதான். ஆனால் அவை சின்னக் கார்கள். பிள்ளைகளும் மூட்டை முடிச்சும் ஏறும் வண்டி அப்போதும் அமெரிக்கக் கார் நகரமான டெட்ராயிட்டுடையதுதான். அந்த இடமும் கைமாறியதில் 1981இல் போட்ட ஒரு வரம்புக்குப் பெரிய பங்கு உண்டு. வணிகப் பொருளியல் பாடம் நடத்திவந்த எனக்கு வருடம் ஏற ஏற உறுதிப்பட்ட எண்ணம் இது.

டெட்ராயிட்டில் வேலை போனவர்களின் வேதனை நிஜமானது. அமெரிக்கக் கார் நிறுவனமான கிரைஸ்லரோ அரசு உத்தரவாதம் கொடுத்த கடனில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது. ரீகன் அரசு நெருக்கியதும், ஆண்டுக்கு 16,80,000 கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. வரம்பு எண்ணிக்கைக்கு மட்டும்தான், விலைக்கு இல்லை. கப்பலேறும் ஒவ்வொரு காரும் ஒதுக்கீட்டில் ஒன்றைத் தின்றுவிடும் என்றால், லாபம் குறைந்த சின்ன வண்டியை யார் அனுப்புவார்கள்? வந்திறங்கிய கார்கள் பெரிதாகின, வசதி கூடின. வண்டி கிடைக்காத தவிப்பில், குறித்த விலைக்கு மேலே கொடுத்தும் வாங்கினார்கள். டெட்ராயிட் தொழிலாளியைக் காப்பதற்கென்று வந்த ஏற்பாட்டுக்குச் சாதாரணக் குடும்பங்கள் கட்டிய கப்பம் அது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அமெரிக்க மண்ணிலேயே செய்த வண்டி இந்தக் கணக்கில் வராது. ஓஹையோவின் மேரிஸ்வில்லில் மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஹோண்டா, அங்கே கார் ஆலை கட்டுவதென்று வரம்புக்கு முன்பே முடிவெடுத்திருந்தது. 1982 நவம்பர் 1இல் முதல் அக்கார்டு வெளிவந்தது. மேலாளருக்கும் தொழிலாளிக்கும் ஒரே வெள்ளைச் சீருடை, ஒரே கேன்டீன். டொயோட்டா தயங்கித் தயங்கித்தான் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் மூடிய ஃப்ரீமான்ட் ஆலையை 1984இல் அந்த நிறுவனத்தோடு சேர்ந்தே திறந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஆலையின் பழைய தொழிலாளர்களே; அவர்களே நல்ல தரத்தில் கார் செய்து காட்டினார்கள். இந்த வரலாற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி அதுதான். கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் டொயோட்டாவின் கேம்ரி உருவாகத் தொடங்கியது 1988இல்.

1989இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் அக்கார்டு, 1997இல் கேம்ரி. வரம்பு 1994இல் நீங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஜப்பானின் ஏற்றுமதி அதை எட்டவில்லை. வண்டிகள் ஓஹையோவிலும் கென்டக்கியிலும் தயாராகிக்கொண்டிருந்தன.