குதிரைத்திறனின் விலை

கடலே இல்லாத திருவண்ணாமலைச் சீமையில் டீசல் எஞ்சினோடு மக்கள் நெருங்கிப் பழகியது கிணற்று மேட்டில்தான். வேங்கிக்கால் போன்ற ஏரிக்கரை ஊர்களில் கவலை இறைத்த மாடுகளின் வேலையை ‘ஆயில் எஞ்சின்’ எடுத்துக்கொண்டது. அந்த வகைக்குப் பேர்போனது இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி செய்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின். சுமார் 1.4 லிட்டர் கொள்ளளவு, நிமிடத்துக்கு 650 சுற்று, ஆறே ஆறு குதிரைத்திறன். கனத்த வார்ப்பிரும்பு உடம்பு, மெதுவான ஓட்டம், குளிர்விக்கக் கிணற்று நீர். அப்பா வாங்கியதை மகனும் ஓட்ட முடிந்ததற்கு இவை போதும்.

இன்று உல்லாச விரைவுப் படகுகளில் பொருத்தப்படும் கம்மின்ஸ் கியூ.எஸ்.பி. எஞ்சின், 6.7 லிட்டர் கொள்ளளவிலிருந்து 550 குதிரைத்திறன் வரை தருகிறது. லிட்டருக்கு நாலு குதிரை என்றிருந்தது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே, தமிழகக் கடற்கரை டீசலோடு வாழ்ந்த எழுபது ஆண்டுக் கதை கிடக்கிறது.

அந்தக் கதையின் வாசல் கொல்லத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1952இல் ஐ.நா., நார்வே, இந்தியா மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி நீண்டகரை வட்டாரத்தில் இந்தோ–நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. சிறிய படகுகளில் டீசல் எஞ்சின் ஏறியது. இறால் ஏற்றுமதி சூடுபிடித்ததும் ராமேஸ்வரம், நாகப்பட்டினம், சென்னைக் காசிமேடு என விசைப்படகுகள் பெருகின.

எஞ்சினுக்கு எங்கே போவது? காசிமேட்டுக்கு வடக்கே, அதே கரையில், எண்ணூரில் விடை இருந்தது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி, பேருந்துக்கும் லாரிக்கும் செய்த ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கடலுக்கேற்ப மாற்றியும் விற்றது. ஏ.எல்.எம். 370 போன்றவை பல விசைப்படகுகளின் அடிவயிற்றில் உட்கார்ந்தன. அந்த 370 என்பது கன அங்குலக் கணக்கு. ஏறக்குறைய ஆறு லிட்டர். திறன் நூறு குதிரையை ஒட்டித்தான்.

பேருந்து எஞ்சினுக்குக் கடல் வேலை சுலபமில்லை. நிறுத்தத்திலும் இறக்கத்திலும் பேருந்து இளைப்பாறும். இழுவை மடியைக் கட்டிக்கொண்டு போகும் படகோ நாள் முழுக்க மலைப்பாதை ஏறும் வண்டிக்குச் சமம். உப்புநீரை நேரே எஞ்சினுக்குள் விட்டால் அரித்துவிடும் என்பதால் நன்னீரை உள்ளே சுழலவிட்டு, அதன் சூட்டைக் கடல்நீரிடம் தள்ளிவிட வேண்டும். கடல்நீர் ஓடும் இடத்தில் வைக்கும் துத்தநாகக் கட்டை தான் அரிபட்டு மற்ற உலோகத்தைக் காக்கும். அதை மாற்ற மறந்தால் செலவு எஞ்சினுக்கு. இத்தனைக்கும் நடுவே அந்த எஞ்சின்கள் தாக்குப்பிடித்ததற்கு முக்கியக் காரணம், லிட்டருக்குப் பதினாறு பதினேழு குதிரைக்கு மேல் அவற்றிடம் யாரும் கேட்காததுதான். லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் லாரிக் கடைகளிலேயே கிடைத்ததும் பெரிய பலம்.

குறைவாகக் கேட்டால் எஞ்சின் நீடிக்கும் என்ற உண்மையை உற்பத்தியாளர்களும் மறைக்கவில்லை. உத்தரவாதத்துக்கு அடிப்படையான தரப்பட்டியலில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கம்மின்ஸின் பட்டியலில் ‘தொடர் உழைப்பு’ எஞ்சினை முழுத் திறனில் இடைவிடாமல் ஓட்டலாம். ‘உயர்திறன்’ எஞ்சினுக்கோ எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம்தான் முழுத் திறன். ஆண்டுக்கு 500 மணி நேரத்துக்குள் ஓட்டம். ஒரே எஞ்சினைக் குறைந்த குதிரைத்திறனுக்கு இறக்கி உழைக்கும் படகுக்கும், ஏற்றி உல்லாசப் படகுக்கும் விற்கிறார்கள். நாளுக்குப் பத்து மணி நேரம் கடலில் ஓடும் படகு, 500 மணி நேரத்தை ஐம்பதே நாளில் தீர்த்துவிடும். மீனவர் படகு வாங்கும்போது படிக்க வேண்டிய முதல் வரி இதுதான். விளம்பரத்தில் பெரிதாக நிற்பதோ குதிரைத்திறன்.

எஞ்சின் பழுதானால் வழக்குக்குப் போகலாமா? 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்கியவரை வெளியே நிறுத்தியது. சுயதொழிலால் வாழ்க்கை நடத்த வாங்கியவருக்கு 1993 திருத்தம் கதவைத் திறந்தது. அந்தக் கதவின் அகலத்தை அளந்த தீர்ப்பில் ஒரு தமிழ்நாட்டுப் பெயர் இருக்கிறது: கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்திடம் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கு. 1995இல் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தை நுகர்வோராக ஏற்கவில்லை. ஆனால், தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோரே என்று விளக்கியது. சொந்தப் படகில் தானே கடலுக்குப் போகிறவருக்கு இந்த விளக்கம் பெரிய துணை.

இதற்கிடையே கடலில் போட்டி முற்றியது. கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் நடந்த மோதல்களின் பின்னணியில் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பிறகு பூசல் விசைப்படகுகளுக்குள்ளேயே வெடித்தது. அதிவேகச் சீன எஞ்சின் பூட்டிய படகுகள் மீனை முந்தி வாரிக்கொள்கின்றன என்று 2017இல் காசிமேட்டில் போராட்டம் நடந்தது. 2020இன் விதிகள் எஞ்சின் திறனுக்கு 240 குதிரை என்று வரம்பு கட்டின.

வரம்பு அவசியமானது, மீனுக்கும் சிறு மீனவருக்கும் அது காப்பு. ஆனால் 240 குதிரையைத் தொடர் உழைப்புத் தரத்திலும் தரலாம், உயர்திறன் தரத்திலும் தரலாம். முன்னது கனமானது, விலை கூடியது, பல்லாண்டு உழைக்கக்கூடியது. பின்னது லேசானது, மலிவானது, ஆனால் ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலம் வரும்போதெல்லாம் இறக்கிப் பிரிக்க வேண்டியது. படகைப் பதிவு செய்யும்போது குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் அந்தத் தரத்தையும் எழுதச் சொன்னால், கடன் வாங்கி எஞ்சின் பூட்டும் குடும்பம் எதை வாங்குகிறது என்று கரையிலேயே தெரிந்துகொள்ளும்.