குர்பானிக் கத்தி: சாணையா, தீட்டுக்கல்லா?

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டால் வீட்டுக் கத்திகளெல்லாம் சாணைக்குப் போகின்றன. அறுப்பவர் கத்தியை நன்கு தீட்டி, பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளை, ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆனால் தீப்பொறி பறந்தால் மட்டும் கத்தி கூராகிவிடாது.

பல் விழுந்த, மிகவும் மழுங்கிய கத்திக்குச் சாணைச் சக்கரம்தான் வழி. அதில் சிக்கல் சூடு. கத்தியின் கூர் விளிம்பு தலைமுடியைவிட மெல்லியது. தண்ணீர் படாமல் மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்தால் நொடிகளில் சூடேறி, எஃகின் உறுதி போய்விடும். விளிம்பு நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடம் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அத்தகைய கத்தி முதல் ஆட்டுக்கு நன்றாக அறுக்கும், அடுத்ததற்குள் மழுங்கிவிடும். லேசாகப் பிடித்து, அடிக்கடி தண்ணீரில் நனைக்கும்படி சாணைக்காரரிடம் தயங்காமல் சொல்லலாம்.

குர்பானிக் கத்திக்கு நாம் பரிந்துரைப்பது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் தீட்டுக்கல். சூடே ஏறாது. முதலில் 1000 எண் கல், பிறகு 3000 அல்லது அதற்கு மேல்; எண் கூடக் கூடக் கல் நைசாகும். 4 செ.மீ. அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஏறத்தாழ 1.4 செ.மீ. தூக்கிப் பிடித்தால் 20 டிகிரி சாய்வு கிடைக்கும். கடைசிவரை அந்தச் சாய்வு மாறக் கூடாது. ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் மெல்லிய பிசிர் எழும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பிசிர் தொடுவதற்குக் கூர்போலவே தெரியும், அறுக்கும்போது மடங்கிக்கொள்ளும். பக்கம் மாற்றி மாற்றி மிக லேசாகத் தேய்த்து, பழைய தோல் பெல்ட்டில் கத்தியைப் பின்னோக்கி இழுத்தால் பிசிர் போய்விடும். விளிம்பில் பஞ்சை ஓட்டிப் பாருங்கள்; நார் சிக்கினால் பிசிர் மிச்சமிருக்கிறது.

கடையில் விற்கும், கத்தியை இழுத்துத் தீட்டும் சிறு கருவி உலோகத்தைச் சுரண்டி எடுக்கிறது. வெங்காயம் நறுக்கப் போதும், அறுக்க வேண்டாம். கசாப்புக் கடைக்காரர் உரசும் எஃகுக் கம்பி பெரும்பாலும் தீட்டுவதில்லை, மடங்கிய விளிம்பை நிமிர்த்துகிறது. மழுங்கிய கத்தியை அது காப்பாற்றாது.

பிராணியின் கண்ணெதிரே தீட்டக் கூடாது என்பதால், முந்தைய இரவே வேலையை முடித்துத் துணியில் சுற்றி வையுங்கள். எலும்பு வெட்ட வேறு கத்தி எடுங்கள்.